ஆதிக் கிறிஸ்தவர்கள் வீட்டில் எப்படி ஜெபித்தார்கள்? சேலத்து வீட்டுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வியாழக்கிழமை மாலைகளில் ஏதாவது ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறோம். அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, குகை, சூரமங்கலம் என்று சுற்றி வருவோம். மாதத்தில் ஒரு வியாழன் மலையேறி ஏற்காட்டுக்கும் போவோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும் வருகின்றன, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பங்களும் வருகின்றன. முதல் நான்கு நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் வீட்டில் எப்படி ஜெபித்தார்கள், அன்றாட வாழ்க்கையில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நான் அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசிக்கலாம்.

டீச்சர், கோயில் கட்டாத காலத்தில் அவர்கள் எங்கே கூடினார்கள்?

வீடுகளில்தான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தங்கள் வீட்டில் சபை வைத்திருந்ததை அப்போஸ்தலன் பவுல் சொல்கிறார். அவர்கள் கூடாரம் செய்யும் தொழிலாளிகள். பிலேமோனுக்கு எழுதிய சின்ன நிருபத்திலும் "உம்முடைய வீட்டிலே கூடிவருகிற சபை" வருகிறது. சிரியாவில் தூரா ஐரோப்போஸ் என்ற ஊரைத் தோண்டியபோது அப்படி ஒரு வீடே கிடைத்தது. சுமார் கி.பி. 240-களில் சாதாரண வீடு ஒன்றில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறை ஞானஸ்நானம் கொடுக்கும் இடம். வெளியிலிருந்து பார்த்தால் தெருவில் இருக்கும் மற்ற வீடுகளைப் போலத்தான் இருந்திருக்கும்.

அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் கூடும்போது எனக்கு அந்த வீடு ஞாபகம் வரும். தறிக்குழி மேல் பலகை போட்டு, பாவு நூலை ஓரமாகச் சுருட்டி வைத்து, அதற்குப் பக்கத்திலேயே பாய் விரிப்பார்கள். நாள் முழுக்க வேலை நடந்த அறையே ஜெப அறையாகிவிடும். அதை ஒரு குறையாகச் சொல்லி அந்த வீட்டம்மா கூச்சப்படுவார். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆதிச் சபை அப்படித்தான் இருந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஜெபித்தார்கள்?

மூன்று தடவையாவது. "திதாக்கே" என்று ஒரு சிறு நூல் இருக்கிறது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பொருள். முதல் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி எழுதப்பட்டிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். வெகுகாலம் தொலைந்துபோயிருந்து, 1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு பழைய சுவடிக் கட்டில் அகப்பட்டது. அதில் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை முழுவதுமாக எழுதி, நாளுக்கு மூன்று முறை இப்படி ஜெபியுங்கள் என்று சொல்லியிருக்கிறது. இது யூத வீடுகளிலிருந்து வந்த பழக்கம். தானியேல் பலகணியைத் திறந்து வைத்து மூன்று வேளை ஜெபித்தான் அல்லவா, அதே வழி.

எந்த மூன்று நேரம் என்றால், சூரியன் உதித்ததிலிருந்து எண்ணி மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. நம் கணக்கில் காலை 9, பகல் 12, பிற்பகல் 3. பேதுரு மாடியில் ஏறி ஜெபித்தது ஆறாம் மணி. அங்கே அவருக்கு மிகுந்த பசி எடுத்தது என்று அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போனது ஒன்பதாம் மணி. கி.பி. 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இதற்கு ஒரு நல்ல காரணம் சொல்கிறார். ஊரின் வேலைகளைப் பிரித்துக் காட்டுவதும், எல்லார் காதிலும் விழுவதும் அந்த மூன்று நேரம்தான். அதனால் ஜெபமும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. காலை எழுந்ததும் இரவு வரும்போதும் ஜெபிப்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை என்கிறார்.

நம் ஊரிலும் ஆலைச் சங்கை வைத்து நேரம் பார்த்த தலைமுறை இருந்தது. ஆர்.சி. கோயில்களில் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மூவேளை ஜெபம் சொல்வார்கள். நேரத்தை ஜெபத்துக்காகத் தேடி அலைய வேண்டாம். உங்கள் நாளில் ஏற்கெனவே எந்த ஒலி எல்லோருக்கும் கேட்கிறதோ, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளி மணியாகக்கூட இருக்கலாம்.

மனப்பாட ஜெபமா, மனசில் வந்தபடி ஜெபமா? எங்கள் வீட்டில் இதற்கே சண்டை வருகிறது.

இரண்டுமே இருந்தன. திதாக்கேயில் திருவிருந்தின் அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் சொல்ல வேண்டிய நன்றி ஜெபங்கள் வார்த்தை வார்த்தையாக எழுதப்பட்டிருக்கின்றன. அதை முடித்த உடனே, தீர்க்கதரிசிகள் தாங்கள் விரும்பும் அளவு நன்றி செலுத்தட்டும் என்றும் ஒரு வரி வருகிறது. "மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார்கள்" என்று ஆர்.சி. உறவினரைச் சொல்வதும், "வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்" என்று பெந்தெகொஸ்தே உறவினரைச் சொல்வதும் நிற்க வேண்டும். ஆதிக் காலத்து வீட்டில் இரண்டு பேருக்கும் பாயில் இடம் இருந்தது.

சிலுவை அடையாளம் போடுவது பிற்காலத்தில் வந்ததா?

இல்லை, ரொம்பப் பழையது. தெர்த்துல்லியன் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன்: வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும், உடை உடுத்தும்போதும் செருப்பு மாட்டும்போதும், குளிக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும், விளக்கு ஏற்றும்போதும், படுக்கும்போதும் நெற்றியில் அந்த அடையாளத்தை இடுகிறோம். அன்று அது விரலால் நெற்றியில் போடும் சின்னக் குறிதான். இன்று ஆர்.சி. வீடுகளில் நெற்றி, மார்பு, தோள் என்று போடுவது பிறகு வளர்ந்த வடிவம்.

நான் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் செருப்பு மாட்டுவது வரைக்கும் அவர் சொல்லியிருப்பதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது. ஜெபம் ஒரு தனி அறையில் நடக்கிற காரியமாக அவர்களுக்கு இருக்கவில்லை. கை தொட்ட ஒவ்வொரு சாமானோடும் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெபிப்பது இந்து வழக்கம் என்று ஒருவர் சொன்னார். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மின்சாரம் இல்லாத உலகத்தில் பொழுது சாய்ந்து முதல் விளக்கு ஏற்றுவது எல்லா மக்களுக்கும் பெரிய விஷயம். யூத வீட்டிலும் கிரேக்க வீட்டிலும் தமிழ் வீட்டிலும் அப்படித்தான். கிறிஸ்தவர்கள் அந்த நிமிஷத்தை விட்டுவிடவில்லை. கிரேக்க மொழியில் ஒரு மாலைப் பாட்டு அவர்களிடம் இருந்தது. சூரியன் மறையும் வேளைக்கு வந்துவிட்டோம், மாலை வெளிச்சத்தைப் பார்த்தோம், பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் துதிக்கிறோம் என்பது அதன் கருத்து. 4-ம் நூற்றாண்டில் செசரியாவின் (இன்றைய துருக்கியில் இருக்கும் ஊர்) ஆயராக இருந்த பசில், அது யார் எழுதியது என்று தனக்கே தெரியாத அளவு பழையது என்கிறார். மாலை வெளிச்சம் என்ற ஈவை மௌனமாக வாங்கிக்கொள்வது நம் முன்னோருக்குச் சரியாகப் படவில்லை, அது தெரிந்த உடனே நன்றி சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறார். கிழக்கத்திய சபைகளில் அந்தப் பாட்டை இன்றும் மாலை ஆராதனையில் பாடுகிறார்கள்.

என் அம்மா பிறந்த வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்துக்குள். மார்கழியில் அஞ்சரை மணிக்கே மூடுபனி இறங்கி வாசல் தெரியாது. பாட்டி அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியை ஏற்றி, கூடத்து ஆணியில் மாட்டுவார். மாட்டிய கையை எடுக்காமலேயே "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். அதோடு சரி. பெரிய குடும்ப ஜெபம் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக நடக்கும். பாட்டிக்குப் பசிலைத் தெரியாது. செசரியா எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. இப்போது சுவிட்ச் போட்டால் லைட் எரிகிறது. சுவிட்ச் மேல் கை இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லலாம்.

நின்று ஜெபிக்க வேண்டுமா, முழங்காலில் நிற்க வேண்டுமா? கிழக்கு பார்க்க வேண்டுமா?

பெரும்பாலும் நின்று, இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தி ஜெபித்தார்கள். ரோமாபுரியில் பிரிஸ்கில்லா பெயரில் இருக்கும் நிலத்தடிக் கல்லறையின் சுவரில் அப்படி நிற்கும் ஒரு பெண்ணின் ஓவியம் இருக்கிறது. முழங்கால் படியிடுவதும் உண்டு. கர்த்தரின் சகோதரன் யாக்கோபுக்கு முழங்காலில் நின்று நின்று ஒட்டகத்தின் முழங்கால் போலத் தடித்துவிட்டது என்று ஒரு பழைய செய்தி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் வேண்டாம், நின்றே ஜெபியுங்கள் என்று 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் தன் 20-வது விதியில் சொன்னது. கிழக்கு பார்ப்பதும் பரவலான வழக்கம்தான். மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காருங்கள், தப்பே இல்லை.

டீச்சர், ஜெபம் சரி. நடத்தையில் அவர்களுக்கு என்ன விதி இருந்தது?

இதை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. சுமார் 112-ல், இன்றைய துருக்கியில் இருக்கும் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற ரோம அதிகாரி, பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் கிறிஸ்தவர் இல்லை. கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் உண்மையைக் கேட்டிருக்கிறார். சபையில் ஊழியம் செய்த பெண்கள் அவர்கள். இவ்வளவு செய்தும் அவருக்குக் கிடைத்த விவரம் இதுதான்: குறிப்பிட்ட ஒரு நாளில் விடிவதற்கு முன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்து மாறி மாறிப் பாடுகிறார்கள், ஒரு சத்தியம் செய்துகொள்கிறார்கள். எதற்குச் சத்தியம்? திருடுவதில்லை, வழிப்பறி செய்வதில்லை, விபச்சாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்கும்போது இல்லை என்று சொல்வதில்லை.

கடைசி வரியைச் சேலத்துக்காரர்கள் இன்னொரு முறை படியுங்கள். இங்கே செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் கொலுசு வேலை எப்படி நடக்கிறது? முதலாளி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். பட்டறைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய், கம்பி இழுத்து, வளையம் சேர்த்து, பற்றவைத்து, மெருகேற்றி, கொலுசாகத் திரும்ப நிறுத்துக் கொடுப்பார். நடுவில் குறைவதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு. அந்தச் சேதாரத்துக்குள் எதையும் மறைக்கலாம். பார்ப்பவர் யாரும் இல்லை.

என் தாத்தா அந்த வேலைதான் பார்த்தார். சாயந்திரம் தரையைக் கூட்டி, அந்தக் குப்பையை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். குப்பையிலும் வெள்ளிப் பொடி இருக்கும். மாசக் கடைசியில் அதை உருக்கி எடுத்து, வந்ததை முதலாளி கணக்கில் சேர்ப்பார். முதலாளியே ஒருமுறை "இதெல்லாம் எதுக்குப்பா, நீயே வெச்சுக்க" என்றாராம். தாத்தா கேட்கவில்லை. ராத்திரி குடும்ப ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வரும் இடத்தில் அவர் குரல் கொஞ்சம் மெதுவாகும். சின்ன வயதில் எனக்குக் காரணம் புரியவில்லை. பிளினியின் கடிதத்தைப் படித்த பிறகு கொஞ்சம் புரிந்தது. ஜெபத்தையும் தராசையும் அவர்கள் இரண்டாகப் பார்க்கவே இல்லை.

சீட்டுப் பணம், அடகு நகை, அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன வீட்டுப் பத்திரம், இதெல்லாமும் ஒப்படைத்த பொருள்தான். நம் குடும்பங்களில் ஜெபம் நின்றுபோவதற்கு நேரமின்மையைக் காரணமாகச் சொல்கிறோம். நான் பார்த்தவரை, பங்கு பிரிப்பதில் ஒருவர் ஏமாற்றப்பட்ட வீட்டில்தான் அது முதலில் நிற்கிறது. ஒரே பாயில் உட்கார முடியாமல் போய்விடுகிறது.

பட்டறையில் சாமி உருவங்களும் செய்யச் சொல்கிறார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். ஹிப்போலித்து பெயரில் வழங்கும், 3-ம் நூற்றாண்டை ஒட்டிய "அப்போஸ்தல மரபு" என்ற நூலில் தொழில் பட்டியலே இருக்கிறது. விக்கிரகம் செய்பவர், நாடகக்காரர், ஆட்களை வெட்டிக்கொள்ள வைக்கும் அரங்கில் சண்டை போடுபவர், எல்லாரும் தொழிலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சபையில் சேர்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாரைப் பற்றிக்கூட ஒரு வரி உண்டு. பாடம் முழுக்க அந்த ஊர்த் தெய்வக் கதைகள் என்பதால், நிறுத்துவது நல்லது, ஆனால் வேறு தொழில் தெரியாவிட்டால் இருக்கட்டும் என்று. வாத்தியாராக நாற்பது வருஷம் இருந்தவள் என்பதால் அந்த வரியில் நின்றுவிட்டேன்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துத்தான் சொல்வேன். 3-ம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானிடம் ஒரு கேள்வி வந்தது. நடிப்பை விட்ட ஒருவர் மற்றவர்களுக்கு அதையே கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறார், சபையில் வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்றார் சிப்ரியான். ஆனால் அவருக்குப் பிழைப்பு இல்லையென்றால் சபை சோறு போட வேண்டும், உங்கள் சபைக்கு வசதி போதாவிட்டால் எங்களிடம் அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றும் எழுதினார். தொழிலை விடச் சொன்னவர்கள் அவர் வயிற்றுக்கும் பொறுப்பேற்றார்கள். கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனசு வராது. உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள்.

எந்தக் கிழமை உபவாசம்?

புதன், வெள்ளி. திதாக்கேயிலேயே இருக்கிறது. எப்படி இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். 2-ம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட "ஹெர்மாஸின் மேய்ப்பன்" சொல்கிறது: அன்றைக்கு அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் போடு, அந்தக் காசை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. அரிஸ்திதஸ் என்பவரும் அதே நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். தங்களில் ஒருவர் ஏழையாக இருந்து, கொடுக்க வீட்டில் உபரி இல்லையென்றால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி கிடந்து அவருக்கு உணவு சேர்ப்பார்களாம்.

ஆர்.சி. வீடுகளில் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்து ஒருசந்தி உபவாசத்தில் மிச்சமாகும் காசை உண்டியலில் போடும் பழக்கம் இதன் தொடர்ச்சிதான். உபவாசம் முடிந்த கையோடு பிரியாணி ஆர்டர் செய்யும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று அன்போடு சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இந்து. வீட்டில் சத்தமாக ஜெபிக்க முடியாது. நான் என்ன செய்ய?

அம்மா, இந்த நிலைமை முதல் சபையிலேயே இருந்தது. நீங்கள் ஒண்டியில்லை. அப்போஸ்தல மரபில் ராத்திரி ஜெபம் பற்றிக் கணவர்களிடம் சொல்லும்போது, மனைவி விசுவாசியாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு அறைக்குப் போய் ஜெபித்துவிட்டு உங்கள் படுக்கைக்குத் திரும்புங்கள் என்று இருக்கிறது. "திரும்புங்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கோபித்துக்கொண்டு தனியாகப் போகச் சொல்லவில்லை. தெர்த்துல்லியன் மாற்று மதத்தாரைக் கட்டிக்கொள்வதைக் கடுமையாக எதிர்த்தவர். நீ ராத்திரி எழுந்து ஜெபிப்பதை உன் புருஷன் மந்திர வேலை என்று நினைத்துவிடுவானே என்று கவலைப்படுகிறார். அந்தப் பயம் அன்றைக்கு நிஜம். பேதுருவின் நிருபம், வார்த்தையே இல்லாமல் நடக்கையினால் ஆதாயப்படுத்தலாம் என்கிறது. எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது. சமையலறையில் பால் பொங்கும் வரை நிற்கும் நேரம் போதும். பரமண்டல ஜெபத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பிள்ளைகள் குடும்ப ஜெபத்தில் தூங்கிவிடுகிறார்கள்.

ஜெபம் நீளமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், 4-ம் நூற்றாண்டின் கடைசியில், பிள்ளை வளர்ப்பு பற்றி அருமையாக ஒரு முறை சொல்லியிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பையனுக்குக் காயீன், ஆபேல் கதையைச் சொல்லுங்கள். இனிமையாக, கதை மாதிரியே சொல்லுங்கள். இன்னொரு நாள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவனையே சொல்லச் சொல்லுங்கள். நன்றாகப் பதிந்த பிறகு, அதே பகுதி வாசிக்கப்படும் நாளாகப் பார்த்துக் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். மற்றவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று அவன் துள்ளுவான்.

ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை. என் வகுப்பிலும் அப்படியே நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு வீட்டில் தாத்தா தினமும் யோசேப்பு கதையைத் துண்டு துண்டாகச் சொல்லி, குழியில் தள்ளிய இடத்தில் "மிச்சம் நாளைக்கு" என்று நிறுத்திவிடுவார். அடுத்த நாள் ஜெபத்துக்குக் கூப்பிடவே வேண்டியதில்லை, பேரன்தான் முதலில் பாயை விரிப்பான்.

எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்?

கொஞ்ச நேரம், பல தடவை. எகிப்தியத் துறவிகளின் ஜெபங்கள் அடிக்கடி வரும், ஆனால் எறிந்த ஈட்டி மாதிரிச் சட்டென்று முடிந்துவிடும் என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் ஒரு விதவைக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். டிவியை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம். அது போதும்.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

இரண்டும். கார்த்தேஜில் சபையார் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தில், உட்காருவதற்கு முன் ஜெபம். பசிக்கு ஏற்றபடி சாப்பாடு. அப்புறம் கை கழுவி, விளக்கு ஏற்றி, ஒவ்வொருவரையும் எழுப்பிப் பாடச் சொல்வார்கள். வேதத்திலிருந்தும் பாடலாம், சொந்தமாகவும் பாடலாம். மறுபடி ஜெபத்தோடு கலைவார்கள்.

சேலத்துக்கு இந்த வழக்கமெல்லாம் எப்போது வந்தது?

தமிழ் எழுத்தில் ஜெபம் அச்சில் ஏறியது 1578-ல், கொல்லத்தில். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற சேசு சபைக் குரு பதிப்பித்த "தம்பிரான் வணக்கம்", 16 பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே ஜெபமும் வேதபாடமும் சொல்லும் புத்தகம்தான் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, 1623-ல் வடக்கே கிளம்பி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் பக்கம் வந்தார். லண்டன் மிஷன் 1827-ல் இங்கே ஊழியம் தொடங்கியது. ஆர்.சி. மறைமாவட்டம் 1930-ல் ஏற்பட்டது.

ஆனால் வீட்டு ஜெபத்தைச் சேலத்தில் நிலைக்க வைத்தவர்கள் உபதேசியார்களும் பாட்டிமார்களும்தான் என்று நான் நினைக்கிறேன். குருவானவர் மலைத் தோட்டத்துக்கு எப்போதோ ஒருமுறைதான் வர முடியும். நடுவில் இருக்கும் ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியது எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தது எழுத்தே தெரியாத ஒரு பாட்டி.

எனக்கு இரவுக் காவல் வேலை. குடும்ப ஜெபத்துக்கு வீட்டில் இருக்கவே முடிவதில்லை. என்ன செய்வது?

இதைக் கேட்டவர் ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் காவலாளி. நடுராத்திரி ஜெபம் உங்களுக்காகவே இருக்கிறது அண்ணே என்றேன். பவுலும் சீலாவும் சிறையில் பாடியது நடுராத்திரியில்தான். அப்போஸ்தல மரபு, நடுராத்திரியில் எழுந்து கைகழுவி ஜெபிக்கச் சொல்லிவிட்டு, முன்னோர் சொன்ன ஒரு காரணத்தையும் தருகிறது: அந்த நேரத்தில் படைப்பு முழுவதும் கர்த்தரைத் துதிக்க ஒரு நொடி அசையாமல் நிற்கிறது. நட்சத்திரங்களும் மரங்களும் தண்ணீரும் அப்படியே நிற்கின்றன.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஆமாங்க டீச்சர். பன்னெண்டு ஒரு மணிக்கு சில்வர் ஓக்கு இலைகூட ஆடாது. சில்வண்டும் கொஞ்ச நேரம் நின்னுடும். நான் டார்ச்சை அணைச்சிட்டு நிப்பேன்" என்றார்.